‘கரும்புற்று’ வேண்டாம், ‘நிறமிச்செல் புற்று’ போதும்

தோலில் வரும் ‘மெலனோமா’ என்ற புற்றுநோயைக் ‘கரும்புற்று’ என்று எழுதும் வழக்கம் மருத்துவ முகாம் துண்டறிக்கைகளிலும் உடல்நலக் கட்டுரைகளிலும் பரவிக்கொண்டிருக்கிறது. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் சர்க்கரை ஆலை உள்ள தருமபுரி மாவட்டத்தில் அந்தச் சொல்லை மட்டும் அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள். செவ்வழுகல் மாதிரி கரும்புக்கு வரும் இன்னொரு நோய் என்றுதான் விவசாயி நினைப்பார். கருமை, புற்று இரண்டும் சேர்ந்தால் கரும்புற்று. இலக்கணத்தில் குற்றமில்லை, பொருளில்தான் குற்றம்.

கிரேக்கத்தில் ‘மெலாஸ்’ என்றால் கருப்பு, ‘ஓமா’ கட்டியைக் குறிக்கும் விகுதி. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோயை ‘மெலனோஸ்’ என்றார். 1838இல் ராபர்ட் கார்ஸ்வெல் ‘மெலனோமா’ என்றார். அறுத்துப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது கருப்பு, அதையே பெயராக்கினார்கள். மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் நிறமிச் செல்தான் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்பது பிறகு தெளிந்தது. அது தெரிந்த பிறகும் நாம் ஏன் அந்தப் பழைய நிறத்தையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

இந்தப் புற்று எல்லோருக்கும் கருப்பாக வருவதில்லை. நிறமியே இல்லாமல் இளஞ்சிவப்பாக, பரு போலவோ ஆறாத சிறு புண் போலவோ வருவதும் உண்டு. ஏற்கெனவே தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் வகை அது. ‘கரும்’ என்று பெயர் வைத்தால் சிவப்பாக இருப்பதை யார் காட்டப் போகிறார்கள்?

அதைவிடப் பெரிய கேடு, ‘கருப்பானவர்களுக்கு வரும் புற்று’ என்று காதில் விழுவது. உண்மை நேர்மாறு. நிறமிச் செல்களின் எண்ணிக்கை கருப்புத் தோலிலும் வெள்ளைத் தோலிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை செய்யும் நிறமியின் வகை, அளவு, பரவல் ஆகியவையே வேறு. 16ஆம் குரோமோசோமில் உள்ள ‘எம்சி1ஆர்’ மரபணு சரியாக வேலை செய்தால் கருப்பு, பழுப்பு நிறமி உருவாகி வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும். அதன் சில மாற்றுவடிவங்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் செம்மஞ்சள் நிறமியே மிகும். செம்முடி, வெளிர்தோல், முகத்தில் புள்ளிகள் தோன்றும். அந்தத் தோல் வெயிலில் கருக்காமல் வேகும், புற்றுக்கும் எளிதில் இடம் கொடுக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தாலும் ஆபத்து ஓரளவு கூடவே செய்யும்.

அதற்காக நமக்கு வரவே வராது என்றும் சொல்லிவிட முடியாது. கருந்தோல் உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும், அதற்கும் வெயிலுக்கும் தொடர்பு குறைவு. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கியது, 1981இல் இறந்தார். வெறுங்காலோடு வயலில் நிற்பவர் அதைக் கால் ஆணி என்றோ கல் குத்திய ரத்தக்கட்டு என்றோ விட்டுவிடுவார். ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னே நகர்ந்துவிடும். நகராமல் அகலமாகும் கருங்கோட்டையும், நகத்தைத் தாண்டித் தோலுக்கு இறங்கும் கருமையையும் உடனே காட்ட வேண்டும்.

‘தோல் புற்றுநோய்’ என்று பொதுவாக எழுதிவிடுவதும் உதவாது. தோலில் வரும் புற்றுகளில் முக்கியமானவை மூன்று. மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, உயிர்பறிப்பதில் முந்தியது. பிறவியிலேயே நிறமி உண்டாகாதவர்களுக்கு நம் வெயிலில் அதிகம் வருவது தட்டைச்செல் புற்று, அது வேறு. பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவின் பழுதான பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தையும் அப்படி நிறமியில்லாமல் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் குடும்பங்களில் இருவரிடமும் அதே பழுது இருக்க இடம் அதிகம்.

இன்னொரு மொழிபெயர்ப்புக் கூத்து ‘பரம்பரைப் புற்றுநோய்’. நோயா பரம்பரையாக இறங்குகிறது? வரக்கூடிய சாத்தியம்தான் இறங்குகிறது. மெலனோமா உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்திருக்கும். அத்தகைய சில குடும்பங்களில் காணும் ‘சிடிகேஎன்2ஏ’ மரபணுவுக்கு நிறத்தோடு சம்பந்தமே இல்லை. செல் பிரிவதற்குப் போடும் தடை அது. ‘மரபுவழி ஆபத்து’ என்றால் போதும், பெண் பார்க்க வருபவர்களும் பயந்து ஓட மாட்டார்கள்.

குரோமோசோமை ‘நிறப்புரி’ என்பதும் இதே வேர்ப்பித்துதான். சாயம் ஏற்றிப் பார்த்ததால் கிரேக்கத்தில் வைத்த பெயர் அது. ‘16ஆம் நிறப்புரியில் உள்ள நிற மரபணு’ என்று எழுதினால் அந்தப் புரிதான் தோலுக்கு நிறம் கொடுக்கிறது என்று படிப்பவர் முடிவுகட்டுவார். மூலச்சொல்லைக் கூறுபோட்டு ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் தேடுகிறவர்கள், பொருளைக் கண்ணால் பார்ப்பதே இல்லை.

நிறம் என்பதோடு ‘இ’ சேர்ந்து நிறமி. பாடநூலிலேயே பழகிய சொல். எந்தச் செல்லில் பிறக்கிறதோ அதை வைத்து ‘நிறமிச்செல் புற்று’ என்றால் கருப்பானாலும் சிவப்பானாலும் பொருந்தும். ‘நிறமியணு’ என்று தூய்மை பார்க்க வேண்டாம், அணு என்றதும் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அறிகுறி சொல்லும் இடத்தில் மச்சம் என்றே எழுதுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுவோருக்கும் மச்ச, மச்செ என்று அது புரியும். ‘மெலனோமா’வையும் பக்கத்திலேயே ஒருமுறை போட்டுவிடுங்கள், சதைப் பரிசோதனை அறிக்கையில் அந்தப் பெயர்தான் வரும்.