ஸ்கிரீனிங்: சலிப்பதா, புடைப்பதா?

ஆய்வுக் கட்டுரைகளை 'ஸ்கிரீனிங்' செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஸ்கிரீன் என்றதும் நமக்குச் சினிமாத் திரையும் போன் திரையும்தான் நினைவுக்கு வரும். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது கணப்பின் அனலை மறைக்கும் தட்டி. 16-ஆம் நூற்றாண்டில் பெரிய சல்லடைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆய்வுலகத்தில் வழங்குவது இந்தச் சல்லடைப் பொருள்தான். ஆகவே 'திரையிடல்' என்ற மொழிபெயர்ப்பு படம் காட்டுவதோடு நிற்கட்டும்.

முறைசார் மீளாய்வு (ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து எடைபோடும் வேலை) செய்பவர் தரவுத்தளங்களில் தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து கொட்டும். தலைப்பையும் ஆய்வுச்சுருக்கத்தையும் படித்து, வேண்டும், வேண்டாம் என்று பிரிப்பதே ஸ்கிரீனிங். வழக்கமாக இருவர் தனித்தனியே படிப்பார்கள். பெரும்பாலும் தேறுவது நூற்றுக்குச் சிலதான். இதற்குச் 'சலித்தல்' கச்சிதமான சொல். சலிப்பு என்றால் அலுப்பும்தானே? மூவாயிரமாவது சுருக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, இயந்திரக் கற்றல் உள்ளே வந்தால்? அங்கே சல்லடை கொஞ்சம் இடிக்கிறது. சல்லடைக் கண்ணின் அளவு மாறாது. உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஸ்ரிவ்யூ போன்ற கருவிகளோ போகப்போகக் கற்றுக்கொள்பவை. நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்த கட்டுரைக்கு 'வேண்டும்', எலிகளிடம் சோதித்ததற்கு 'வேண்டாம்' என்று அழுத்துகிறீர்கள். அவற்றிலுள்ள சொற்களைப் பார்த்து, மிச்சக் குவியலை அது மறுபடி வரிசைப்படுத்தும். எலிக் கட்டுரைகள் மெல்லக் கீழே இறங்கும், வேண்டியவை மேலே ஏறும். அடுத்து நீங்கள் அழுத்துவதும் அதற்குப் பாடம். எதையும் அது வீசி எறிவதில்லை, ஒதுக்கி வைக்கிறது. முறத்தில் புடைக்கப் புடைக்க உமி முன்னாலும் மணி பின்னாலும் ஒதுங்குவது இப்படித்தான். அதனால் என் வாக்கு 'இயந்திரவழிப் புடைத்தல்' என்பதற்கு. நையப்புடைப்பது நினைவுக்கு வந்து சிரிப்பவர்கள் 'சலித்தெடுத்தல்' என்றே எழுதலாம், தப்பில்லை.

முறத்தை எப்போது கீழே வைப்பது, அதாவது படிப்பதை எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய தலைவலி. 2006-இல் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 15 மருந்து மீளாய்வுகளை எடுத்துக்கொண்டு, தேவையான கட்டுரைகளில் 95 சதவீதம் கைக்கு வருவதற்குள் எவ்வளவு படிப்பு மிச்சமாகிறது என்று அளந்தார்கள். அந்த 95 இன்றும் பலருக்கு அளவுகோல். ஆனால் விட்டுப்போன ஐந்து சதவீதத்தில் முடிவையே புரட்டிப்போடும் கட்டுரை ஒன்று இருந்துவிடலாம். அப்புறம், இப்படிக் கருவி வைத்துப் பிரித்திருந்தால் அதை மீளாய்விலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறது, இத்தகைய மீளாய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டி.