டிக்கெட்டில் உள்ள நேரத்தைத் திருத்தாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்

போன வாரமும் ஒன்று நடந்துவிட்டது. கோலாலம்பூரில் மகள் வீட்டிலிருந்து திரும்பிய பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், மைலோ டின்னும் கோடாலித் தைலமும் அடைத்த இரண்டு பெட்டிகளோடு திருச்சி ஏர்போர்ட் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். போனில் இருந்தது மலேசியா சிம். டிக்கெட்டில் தெளிவாகவே இருந்தது: இரவு 7 மணிக்குக் கிளம்பி, 8.30க்குத் திருச்சி. மகன் அதைப் பார்த்துவிட்டு, நாலு மணி நேரப் பயணமாயிற்றே, ஒன்றரை மணி நேரத்தில் எப்படி வரும் என்று தானாகவே கணக்குப் போட்டு, காரை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மறுநாள் என் கடைக்கே வந்து, "அண்ணே, நீங்க போட்ட டிக்கெட்ல டைம் தப்பு" என்று சண்டை வேறு.

டைம் தப்பில்லை தம்பி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. அங்கே 7 என்றால் நமக்கு மாலை 4.30. அதிலிருந்து நாலு மணி நேரம், 8.30. சரியாக இருக்கிறதா? போகும்போது இதுவே தலைகீழ். காலை 9க்கு ஏறினால் 3.30க்கு இறங்குவதாக இருக்கும். உடனே, "ஆறரை மணி நேரமா? வேற ஃபிளைட் வேகமாப் போகாதா?" என்பார்கள். வேகமெல்லாம் ஒன்றுதான். திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,700 கிலோமீட்டர். போனாலும் வந்தாலும் ஏறக்குறைய நாலு மணி நேரம்.

வயதானவர்கள் சிலர் வித்தியாசம் இரண்டே மணி நேரம்தான் என்று சாதிப்பார்கள். அதுவும் ஒரு காலத்தில் உண்மைதான். 1982 ஜனவரி 1 அன்று கோலாலம்பூரும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளின. அதற்கு முன்னால் போய்வந்தவர்களின் கணக்கு அது.

இன்னொன்று, நள்ளிரவு டிக்கெட். 15ஆம் தேதி 00.20 என்று இருந்தால் 14ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி சாயங்காலம் மாலையும் பலகாரமுமாகக் கிளம்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரைக்குடியிலிருந்து ஏர்போர்ட்டுக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கவுண்டர் மூடிய பிறகு எனக்கு போன் செய்து பயனில்லை.

இன்சுலின் போடும் பெரியவர்களைத் தயவுசெய்து டாக்டரிடம் கேட்காமல் ஏற்றிவிடாதீர்கள். இரண்டரை மணி நேரம் நகர்ந்தால் சாப்பாட்டு வேளையும் நகரும், ஊசி வேளையும் நகரும்.

அப்புறம், டிரைவருக்கு நேரத்தை வாயால் சொல்ல வேண்டாம். டிக்கெட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் தினமும் ஏர்போர்ட்டுக்குப் போய்வருகிறவர்கள், கூட்டிக் கழிக்க மாட்டார்கள்.