விஞ்ஞான பீட மாணவருக்குக் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி: எது நமக்கு, எது நமக்கில்லை

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் வருடம் முடிகிறபோது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சேர், வெளிநாட்டில சமர் இன்டர்ன்ஷிப் எடுக்கலாமா?" எடுக்கலாம். ஆனால் மகாபொல புலமைப்பரிசில் மாதிரி ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பெயர் வருகிறதா என்று பார்த்திருக்கும் திட்டம் இல்லை இது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விதி, தன் திகதி, தன் காசு என்று தனித்தனியாக நடத்துகிறது. நம் பிள்ளைகளில் பலர் அடிபடுவது அந்த விதியில்தான். ஜீபிஏ நன்றாக இருக்கும், கட்டுரையும் நன்றாக இருக்கும், விண்ணப்பித்த திட்டம் மட்டும் இலங்கையருக்குத் திறந்ததாக இருக்காது.

அதனால் நமக்கில்லாததை முதலில் கழித்துவிடுவோம். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்காவின் ஆர்.ஈ.யூ. திட்டங்கள், அதாவது பட்டப்படிப்பு மாணவருக்கான ஆராய்ச்சிப் பயிற்சிகள். அவை அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் பணத்தில் நடப்பவை. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவருக்கு அந்தக் கொடுப்பனவு கிடையாது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி. நடத்தும் ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து மாணவருக்கானது. இந்திய விஞ்ஞானக் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யூடியூபில் அழகாக விளக்குவார்கள். அது இந்தியாவில் படிப்போருக்கு. கனடாவின் மிட்டாக்ஸ் நிறுவனம் நடத்தும் குளோபலிங்க் பயிற்சித் திட்டம், எந்தெந்த நாட்டு மாணவரை எடுக்கும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

எந்தத் திட்டமாக இருந்தாலும் தகுதிப் பகுதியில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். எந்த நாட்டுக் குடியுரிமை கேட்கிறார்கள், எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவாகியிருக்க வேண்டும், எத்தனை வருடம் படித்து முடித்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சரி என்றால் மிச்சத்தை வாசியுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

திறந்திருக்கும் கதவுகள்

எனக்குக் கேட்டால், கிழக்கு மாகாணப் பிள்ளைக்கு மிகப் பொருத்தமானது ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஓயிஸ்ட் என்பார்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். தெரிவானால் போய்வர விமானச் சீட்டு, தங்குமிடம், நாளாந்தம் ஒரு கொடுப்பனவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருடத்தில் இரண்டு முடிவுத் திகதி: ஒக்டோபர் 15இல் முடிவது அடுத்த ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான பயிற்சிக்கு, ஏப்ரல் 15இல் முடிவது ஒக்டோபர் முதல் மார்ச் வரைக்கு. கோடையில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது பெரிய வசதி. ஏன் என்று கீழே சொல்கிறேன். கடல் உயிரியலுக்கும் பவளப்பாறை ஆய்வுக்கும் அங்கே நல்ல ஆய்வுக்குழுக்கள் உண்டு. பாசிக்குடாவில் முருகைக்கல் பார்த்து வளர்ந்த விலங்கியல் மாணவருக்கு விண்ணப்பத்தில் எழுத விஷயம் கையிலேயே இருக்கிறது.

அடுத்தது சவூதியில் ஜித்தாவுக்கு வடக்கே துவாலில் உள்ள மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகம், கவுஸ்ட். வருகை மாணவர் ஆராய்ச்சித் திட்டம் என்று நடத்துகிறார்கள். மூன்றாம் வருடமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், ஜீபிஏ 4இற்கு 3.5 வேண்டும். மாதம் 1000 டொலர், விமானச் சீட்டு, தங்குமிடம். காலம் 3 முதல் 6 மாதம் என்பதால் ஒரு செமஸ்டர் பாதிக்கப்படுமா என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

பௌதிகம், கணினி படிப்போர் ஜெனீவாவில் உள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான சேர்னின் கோடைகால மாணவர் திட்டத்தைப் பார்க்கலாம். 8 முதல் 13 வாரம். கோடைக்குள் மூன்று வருடப் படிப்பு முடிந்திருக்க வேண்டும், விண்ணப்பம் ஜனவரிக் கடைசியோடு மூடும். இலங்கை சேர்னின் உறுப்பு நாடு அல்ல. உறுப்பினரல்லாத நாடுகளுக்கென்று ஒதுக்கிய சில இடங்களுக்கே நீங்கள் போட்டியிடுகிறீர்கள். ஒஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள விஞ்ஞான தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐ.எஸ்.டி.ஏ.யும் எல்லா நாட்டு மாணவரையும் எடுக்கிறது.

இவர்கள் யாரும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. "பதிவுக்கு இவ்வளவு கட்டுங்கள், சான்றிதழ் தருகிறோம்" என்று வட்ஸ்அப்பில் வருவது வியாபாரம், வேறொன்றும் இல்லை.

கலண்டர் என்ற தலையிடி

அங்கே ஜூன், ஜூலை, ஓகஸ்ட் விடுமுறை. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. கொரோனா, 2022 எரிபொருள் நெருக்கடி, பிறகு கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என்று இழுபட்டு, எந்த பெட்ச் எந்த மாதத்தில் எந்த செமஸ்டரில் நிற்கிறது என்பது பீடத்துக்குப் பீடம் மாறும். ஜூலையில் உங்களுக்குப் பரீட்சையாகவே இருக்கலாம். வருடம் முழுதும் எடுக்கிற திட்டங்களை நான் முன்னுக்குச் சொன்னது இதனால்தான். படித்த வருடத்தை எண்ணும்போதும் கவனம்: பல்கலைக்கழகத்துக்குள் வந்து மூன்று வருடம் ஆனது வேறு, மூன்றாம் வருடப் பாடங்களை முடித்தது வேறு. கேட்பது இரண்டாவதை.

இன்னொன்று, பெரும்பாலான கோடைத் திட்டங்களுக்கு முடிவுத் திகதி நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில். நம் பக்கம் மாரி மழை அடித்துப் பெய்து, கரண்டும் நெட்டும் போகிற காலம். கடைசி இரவில் அப்லோட் பண்ணலாம் என்று இருக்காதீர்கள்.

கடிதமும் காகிதமும்

எல்லாரும் கேட்பது சிவி, பெறுபேற்றுப் பட்டியல், ஒரு விரிவுரையாளரின் சிபாரிசுக் கடிதம். பெறுபேற்றுப் பட்டியலைப் பரீட்சைப் பிரிவில் உத்தியோகபூர்வமாக எடுக்க நாள் பிடிக்கும், இப்போதே போட்டு வையுங்கள். ஆங்கில மொழிமூலம் படிக்கிறீர்கள் என்று பீடத்திலிருந்து ஒரு கடிதமும் கையோடு வாங்குங்கள். சில இடங்களில் அதை வைத்தே ஆங்கிலப் பரீட்சையிலிருந்து விலக்கு கேட்கலாம்.

பெயர்தான் பலருக்கு இடிக்கிற இடம். தகப்பனார் பெயர் சிவலிங்கம் என்று வையுங்கள். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் 'ஜி' எழுத்து, உயர்தரச் சான்றிதழில் 'கே' எழுத்து, பல்கலைக்கழகப் பதிவில் வெறும் முதலெழுத்து. முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதங்களைச் சொல்லவே வேண்டாம். விமானச் சீட்டும் விசாவும் கடவுச்சீட்டில் உள்ளபடிதான் வரும், ஆகவே விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள். மற்ற இடத்து வித்தியாசத்துக்கு, இரண்டும் ஒரே ஆள் என்று பதிவாளரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். தேவைப்பட்டால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியும் முடித்து வையுங்கள். கடவுச்சீட்டே இல்லாதவர் தெரிவான பிறகு ஓடுவது நடக்காத காரியம்.

சிபாரிசுக் கடிதம் கனமாக இருக்க வேண்டுமானால், எழுதுகிறவர் உங்கள் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். விரிவுரையில் இருந்த பிள்ளை, நல்ல பிள்ளை என்று எழுதிய கடிதத்தால் பயன் குறைவு. அதற்காகத்தான் முதல் பயிற்சியை உள்நாட்டில் தேடச் சொல்கிறேன். உங்கள் திணைக்களத்திலேயே ஆராய்ச்சி செய்கிற ஒரு விரிவுரையாளரிடம் போய், மாதிரி சேகரிக்க, தரவு பதிய ஆள் வேண்டுமா என்று கேட்கலாம். நெல் பக்கம் ஆர்வம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. கண்டி ஹந்தானையில், 1981ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளருக்கு நேரடியாக எழுதிப் பார்க்கலாம்.

எழுதும்போது "ரெஸ்பெக்டட் சேர், நான் சின்ன வயதிலிருந்தே விஞ்ஞானத்தில் ஆர்வம் உள்ளவன்" என்று தொடங்கினால் யாரும் இரண்டாம் வரிக்கு வரமாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: முகத்துவாரம் வெட்டிவிட்ட பிறகு மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மையை மூன்று இடத்தில் அளந்தேன், மிதவையுயிர்களை நுணுக்குக்காட்டியில் எண்ணினேன், உங்கள் கட்டுரையில் உள்ள முறையை இதற்குப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க விரும்புகிறேன், இந்த மாதம் முதல் இத்தனை வாரம் வர முடியும். அவ்வளவுதான். செய்யாததை எழுத வேண்டாம், நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் வரும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம் லீவு. பொதுவாகப் பாடத்துக்கு 80 சதவீத வரவு இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அழைப்புக் கடிதம் வந்த உடனே திணைக்களத் தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். "போய்ட்டு வாங்கோ மகன், பிரச்சினை இல்லை" என்ற வாய்வார்த்தை வரவுப் பட்டியலில் ஏறாது. உங்கள் பாடநெறியில் பயிற்சிக்குப் புள்ளி இருந்தால், இதையே அதற்குக் கணக்கில் எடுப்பார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.