பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயிலை மாற்றலாமா?

"ஓடுற வரைக்கும் ஓடட்டும், அந்த ஆயிலைத் தொட்டா கியர்பாக்ஸ் போயிடும்." ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. விவரம் தெரியாமல் சொல்வதில்லை. தெரிந்தவர் யாருக்காவது அப்படி நடந்திருக்கும்: ஆயில் மாற்றிய சில நாட்களில் கியர் வழுக்க ஆரம்பித்திருக்கும். அந்தப் பயத்தில் பல வருடம் ஒரே ஆயிலில் ஓட்டிவிட்டு, கியர்பாக்ஸை முழுவதும் பிரிக்க வேண்டிய நிலையில் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். பழுது பார்ப்பவனுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சரியான நேரத்தில் ஆயிலை மாற்றியிருந்தால் அவற்றில் பல இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலின் முக்கிய வேலை, பல்சக்கரங்கள் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் அது நாலைந்து வேலை பார்க்கிறது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது அந்த ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதன் பிரஷர்தான். சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அதுவே. கிளட்ச் உதறாமல், அதே சமயம் வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்பதற்காக, உராய்வைக் கட்டுப்படுத்தும் ரசாயனங்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். இவை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது வழக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. நின்று நின்று நகரும் நெரிசல், மலைப்பாதை, டிரெய்லர் இழுப்பது எல்லாம் ஆயிலின் ஆயுளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

"இதில் நிரப்பியிருப்பது ஆயுள் முழுக்கத் தாங்கும் ஆயில்" என்று சில கார்களின் கையேட்டில் இருக்கும். யாருடைய ஆயுள், எத்தனை கிலோமீட்டர் என்று அதில் தெளிவாக இருக்காது. பல ஐரோப்பிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

சரி, மாற்றிய பிறகு கெட்டுப்போன வண்டிகளின் கதை? அவை பொய்யில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. முதலாவது, கியர் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியதால்தான் பலர் ஆயிலை மாற்றவே வருகிறார்கள். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பகுதி தேய்ந்து தீர்ந்த பிறகு எந்த ஆயில் ஊற்றினாலும் அது திரும்ப வளராது. ஒரு வாரம் கழித்து வண்டி நின்றால் பழி புது ஆயில் மேல் விழும். இரண்டாவது, பல வருட அழுக்கு உள்ளே படிந்திருக்கும்போது மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்வது, அதாவது பழைய ஆயிலை ஒரேயடியாகத் தள்ளி வெளியேற்றுவது. அந்த அழுக்கு கிளம்பிப் போய், ஆயிலைக் கிளட்சுகளுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய துளைகளிலோ, மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்விலோ அடைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, தவறான ஆயில் அல்லது தவறான அளவு. நான் பார்த்த வரையில் இந்த மூன்றாவது காரணம்தான் மிக அதிகம்.

அதனால் முதலில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கிங்கிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் ஒன்றிரண்டு விநாடிக்குள் பிடிக்கிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா? பழைய வண்டியாக இருந்தாலும் கியர் ஒழுங்காக மாறினால் தாராளமாக ஆயிலை மாற்றலாம். வழுக்குகிறது, ஆயிலில் கருகிய வாடையும் அடிக்கிறது என்றால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து, பிரஷர் பார்த்து, கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஆயிலைப் பற்றிப் பேச வேண்டும். இடையில் இன்னொரு வகை உண்டு. சீரான வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, கரடுமுரடான சாலையில் போவது போன்ற ஒரு சின்ன உதறல். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் சரியாகப் பிடிக்காததால் அப்படி வரலாம். இதில் நல்ல ஆயிலை மாற்றிய உடனேயே சரியான வண்டிகள் நிறைய.

பழைய ஆயிலைக் கீழே இறக்கியதும் அவசரமாகக் கொட்டிவிடாதீர்கள், அது நிறைய சொல்லும். பழுப்பு நிறம் மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கறுப்பாகி, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான பானுக்குள் உள்ள காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பூச்சு இருப்பது இயல்பான தேய்மானம். பளபளக்கும் உலோகத் துண்டுகள் இருந்தால் இயல்பில்லை. ஆயில் பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பகுதியை ஒட்டியிருக்கும் பசையை கூலன்ட் கரைத்துவிடும்.

ஆயில் தேர்வில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. டொயோட்டாவிலேயே டைப் டி-4 கேட்கும் கியர்பாக்ஸும் இருக்கிறது, அதைவிட மெல்லிய டபிள்யூ.எஸ். கேட்பதும் இருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. அதே சமயம், ஹோண்டாவின் பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக டி.டபிள்யூ.-1 ஊற்றலாம் என்று ஹோண்டாவே சொல்கிறது. அப்படித் தயாரிப்பாளர் சொன்னால் மட்டும் மாற்று ஆயில். பல்சக்கரங்களின் படிகளுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வைத்து வேகத்தை மாற்றும் சி.வி.டி. கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே செய்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். அதில் பெல்ட்டும் புல்லியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதே அந்த ஆயிலை நம்பித்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் (ஏ.டி.எஃப்.) போனால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கீறல் விழும்.

பழைய வண்டிக்கு நான் பரிந்துரைப்பது, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி இறங்குவதை மட்டும் இறக்கிவிட்டு அதே அளவு புதிதாக நிரப்பும் முறை. ஒரே தடவையில் எல்லாம் வந்துவிடாது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் 3.2 லிட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவைக்குப் பிறகு 60 சதவீதம் பழசு இருக்கும், இரண்டாவதில் 36, மூன்றாவதில் சுமார் 22. ஒவ்வொன்றுக்கும் இடையில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் அழுக்கும் படிப்படியாக வெளியே வரும். பான் கழற்றக்கூடிய வண்டி என்றால் ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் முதல் தடவையிலேயே மாற்றிவிடலாம். பான் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அலுமினிய மரை சீக்கிரம் போய்விடும்.

வீட்டிலேயே செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பார்த்த பிறகே ட்ரெயின் போல்ட்டைத் தொடுங்கள். இறக்கிய பிறகு அந்த மூடி துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டியை நகர்த்தவே முடியாது. அப்புறம், அது கியர்பாக்ஸின் போல்ட்தானா என்று உறுதி செய்யுங்கள். இன்ஜின் ஆயில் என்று நினைத்துக் கியர் ஆயிலை இறக்கிவிட்டு, இன்ஜினில் மேலும் நான்கு லிட்டர் ஊற்றிய வண்டி எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. சில மாடல்களில் இரண்டு போல்ட்டும் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்.

அளவு பார்ப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். டிப்ஸ்டிக் உள்ள பல வண்டிகளில் ஆயில் சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் இன்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில், இன்ஜின் ஓட, வண்டி சமதளத்தில் நிற்க, ஸ்கேனரில் ஆயிலின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே அளவு பார்ப்பதற்கென்று கியர்பாக்ஸில் வைத்திருக்கும் துளையைத் திறக்க வேண்டும். பல மாடல்களில் 35 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும் அந்த வெப்பநிலை மாடலுக்கு மாடல் மாறும். ஒழுக்கு சொட்டாக மாறும்போது மூட வேண்டும். அதைவிடச் சூடாக இருக்கும்போது திறந்தால், விரிந்த ஆயில் கூடுதலாக வெளியேறி, ஆறிய பிறகு அளவு குறைந்துவிடும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் ஆயில் நுரைக்கும். இரண்டிலும் கியர் வழுக்கும்.

மாற்றிய முதல் சில நாட்கள் கியர் மாறுவது கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியலாம். பல கார்களில் கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்குப் பழகியிருக்கும், புதிதாகக் கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும். சில மாடல்களில் ஸ்கேனர் வைத்து அதை ரீசெட் செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கசிவு இருக்கிறதா, அளவு சரியா என்று திரும்பப் பார்த்துவிடுங்கள். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய கேனில் பழைய ஆயில் வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.