சிலோன் இல்லை, சைலான்: வெளிநாட்டு தீம் பார்க் பெயர்களை வாய்க்குப் பழக்குவது எப்படி?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் எங்கள் ட்ராவல்ஸ் ஆபீஸில் போன் ஓயாது. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடற்கரையில் எந்த ஊரை எடுத்தாலும், வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். லீவு விட்டதும் விசிட் விசாவில் குடும்பம் கிளம்பும். முன்பெல்லாம் விசா, டிக்கெட் இரண்டோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் யூடியூபில் பார்த்த ரோலர் கோஸ்டர் பெயரைச் சொல்லி அடம்பிடிக்கிறார்கள். அந்தப் பெயர் பிள்ளை வாயிலிருந்து உம்மாவுக்குப் போய், உம்மாவிடமிருந்து போனில் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் வேறு பெயராகிவிடுகிறது.

போன சீசனில் கீழக்கரையிலிருந்து ஒரு ராத்தா பதறிப்போய்க் கூப்பிட்டார்கள். "காக்கா, சிங்கப்பூருக்குத்தானே டிக்கெட் போட்டீங்க? மகன் சிலோனுக்கும் கூட்டிட்டுப் போறேங்குறான். அதுக்கு விசா எடுக்கலையே?"

அவர்கள் கேட்டதில் தப்பே கிடையாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிலோன் என்றால் நமக்கு எதிர்க்கரைதான். மகன் சொன்னதோ செந்தோசா தீவில், யுனிவர்சல் ஸ்டுடியோஸில் இருக்கும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. அது பக்கம் பக்கமாக ஓடும் இரட்டை ரோலர் கோஸ்டர், உயரம் 42 மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். ஒரு பாதைக்கு ஹியூமன் என்று பெயர். சாதாரணமாக உட்கார்ந்து போகலாம், தலைகீழாகச் சுற்றாது. இன்னொன்று சைலான். அதில் தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்கத் தொங்கப் போகவேண்டும், தலைகீழாகவும் புரட்டி எடுக்கும். இரண்டுக்கும் வரிசை தனித்தனி. பெயர் காதில் சரியாக விழாமல் கூட்டத்தோடு போய் நின்றுவிட்டால், எதில் ஏறப்போகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமா? அதனால்தான் உச்சரிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். யாருக்கும் ஆங்கிலப் பாடம் எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்குப் பட்டது இதுதான்: நாம் எல்லாப் பெயரையும் ஆங்கிலம் மாதிரி படித்துப் பார்க்கிறோம். அங்கேதான் வழுக்குகிறது. பெயர் அரபியா, மலாயா, இத்தாலியனா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்தைவிட அந்த மொழிகள் பலவும் நம் நாக்குக்கு எளிதாகவே வரும்.

அபுதாபியிலிருந்து தொடங்குகிறேன், நம் ஆட்கள் அதிகம் போவது அங்கேதான். ஃபெராரி வேர்ல்டு, யாஸ் வாட்டர்வேர்ல்டு, வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு, 2023-இல் திறந்த சீவேர்ல்டு, நான்குமே யாஸ் என்ற ஒரே தீவில் இருக்கின்றன. யா-வை நீட்டி ‘யாஸ்’ என்று சொல்லவேண்டும். ‘எஸ் ஐலண்டு’ என்று போனில் சொல்கிறவர்கள் நிறையப் பேர். டாக்ஸியில் ஏறி ‘தீம் பார்க்’ என்று மட்டும் சொன்னால் டிரைவர் எந்த வாசலில் இறக்கிவிடுவார் என்று சொல்ல முடியாது. தீவின் பெயர், பார்க்கின் பெயர் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘வாட்டர் வேர்ல்டு’ என்று மொட்டையாகச் சொல்வது இன்னும் மோசம். வேறோர் இடத்தில் டிக்கெட் எடுத்த ஒரு குடும்பம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. கைக்கு வந்தது துபாய் ஜுமைராவில் இருக்கும் வைல்டு வாதியின் டிக்கெட். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, யாஸ் தீவு வாசலில் பிள்ளைகளோடு நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்ய முடியும்?

அந்த வைல்டு வாதியையும் நம் ஊரில் ‘வைல்டு வாடி’ என்றே சொல்கிறோம். வாடி என்றால் கருவாட்டு வாடி, சங்கு வாடிதான் நம் நினைவுக்கு வரும். அது அரபி வாதி, மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு. நாக்கு மேலண்ணத்துக்குப் போகாமல் பல்லைத் தொடவேண்டும். யாஸ் வாட்டர்வேர்ல்டில் தவ்வாமா என்று ஒரு சறுக்கு இருக்கிறது, ஆறு பேர் ஒரே மிதவையில் உட்கார்ந்து பெரிய புனலுக்குள் சுழன்று விழுவார்கள். தவ்வாமா என்றால் சுழி. அதன் முதல் எழுத்துக்கு, ஏர்வாடி தர்கா என்று சொல்லும்போது வருகிற த-வைப் போடுங்கள், ‘தம்பி’யின் த-வைப் போடாதீர்கள்.

இந்தத் ‘தர்கா த’ முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் ரொம்ப உதவுகிற வழி இதுதான். வயதானவர்களுக்கு நாங்கள் பெயர்களைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். தமிழில் ஒரே எழுத்து இரண்டு மூன்று ஒலிக்கு நிற்கும். சீட்டில் ‘புஷ் கார்டன்ஸ்’ என்று எழுதினால், ‘புலி’யின் பு-வா, ‘புத்தர்’ என்பதன் பு-வா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால் பெயருக்குக் கீழே தெரிந்த சொல் ஒன்றையும் எழுதிவிடுவோம். ப-வுக்கு ‘பஸ்’, க-வுக்கு ‘ரயில்வே கேட்’, த-வுக்கு ‘தர்கா’. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நன்னிமாரும் (பாட்டிமாரும்) இதைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.

ஃபெராரி வேர்ல்டில் 2010-இல் ஓடத் தொடங்கிய ஃபார்முலா ரோஸ்ஸா இருக்கிறதே, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தை 5 விநாடிக்குள் எட்டிவிடும் கோஸ்டர், அதை நம் பிள்ளைகள் ‘ஃபார்முலா ரோஜா’ ஆக்கிவிட்டார்கள். அது இத்தாலியச் சொல், சிவப்பு என்று பொருள். ஸ்-ஐ அழுத்தி ரோஸ்-ஸா என்று சொல்லவேண்டும். படு, பட்டு இரண்டையும் குழந்தையிலிருந்தே பிரித்துச் சொல்லப் பழகிய நமக்கு இது கஷ்டமே இல்லை. ஆங்கிலேயர்கள்தான் அந்த அழுத்தத்தை விட்டுவிடுவார்கள்.

சவூதியில் ரியாத்துக்குத் தென்மேற்கே கிதியா என்ற இடத்தில் 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரு கோஸ்டர் அமைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘க்விடியா’ என்று படிக்கிறவர்கள் உண்டு. கியூ எழுத்தைக் கண்டதும் ‘க்வீன்’ ஞாபகம் வந்துவிடுகிறது. அது அரபியில் காஃப். குர்ஆன் என்று சொல்லும்போது அடித்தொண்டையிலிருந்து வருகிற அதே எழுத்து. மதரஸாவில் உஸ்தாது முன்னால் உட்கார்ந்து மக்ரஜ், அதாவது எழுத்து பிறக்கும் இடம், பழகிய பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையே ஏர்போர்ட்டில் ‘க்விடியா’ என்று கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததைப் பிடித்துக்கொள்கிறோம். ரியாத் பக்கத்துப் பேச்சில் அந்த காஃப், ‘ரயில்வே கேட்’டின் க மாதிரியும் காதில் விழும். எப்படிச் சொன்னாலும் அங்கே புரியும், ‘க்விடியா’தான் புரியாது.

மலேசியாவுக்குப் போகிறவர்கள் கெந்திங் மலைக்குப் போகாமல் திரும்புவதில்லை. அங்கே கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022-இல் திறந்தபிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. ‘ஜென்டிங்’ என்று சொல்லாதீர்கள். மலாயில் அந்த ஜி எழுத்து எப்போதும் ‘கேட்’டின் க-தான், ஜ ஆகாது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய நம் பெரியவர்கள் ‘கெந்திங்’ என்று அழகாகச் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களைத் திருத்தப் பார்க்கிறார்கள். அப்பாவை, அதாவது தாத்தாவைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி, அவர் சொல்வதுதான் சரி.

கனடாவுக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களும் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் இருக்கிறார்கள். டொராண்டோவுக்கு வடக்கே கனடாஸ் வொண்டர்லேண்டில் இரண்டு பெரிய கோஸ்டர்கள். ஒன்று 2008-இல் வந்தது, 70 மீட்டர் உயரம். இன்னொன்று 2012-இல் வந்தது, 93 மீட்டர் உயரம், மணிக்கு 148 கிலோமீட்டர் வேகம். முதலாவதை அங்கே ‘பிஹீமத்’ என்கிறார்கள், முதல் எழுத்து பஸ்ஸின் ப. இரண்டாவது ‘லெவையதன்’. இரண்டும் யோபு புத்தகத்தில் வருகிற பெயர்கள். நம் வேதாகமத்தில் பிகெமோத், லிவியாதான் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கமான பெயர்கள்தான், ஆனால் கனடாவில் அந்த உருவத்தில் காதில் விழாது. அமெரிக்காவில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பார்க்குகளில் இருக்கும் கோலியாத்தும் இப்படித்தான். அங்கே ‘கொலையத்’ என்பார்கள், ‘கேட்’டின் க-வில் தொடங்கி லை-யை அழுத்தவேண்டும். இந்த மூன்றுக்கும் மட்டும் நான் மேலே சொன்னது பொருந்தாது. மூலமொழிப்படி சொன்னால் டிக்கெட் கவுண்டரில் விழிப்பார்கள், ஆங்கிலக்காரர் சொல்வதைத்தான் சொல்லவேண்டும். பெயர் எங்கே பிறந்தது என்பதைவிட, இன்று அங்கே நிற்கிறவர் எப்படிச் சொல்கிறார் என்பதே முக்கியம்.

அமெரிக்காவில் இன்னும் சில. நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பார்க்கின் பெயரில் ஆங்கில முதல் எழுத்தான ‘கே’ ஊமை. சீடர் பாயிண்ட் பார்க்கில் 2016-இல் வந்த வால்ரேவன் கோஸ்டர், எழுத்தைப் பார்த்தால் வாயில் நுழையாது, சொல்லிவிட்டால் எளிது.

ஐரோப்பா பக்கம் போகிறவர்கள் குறைவு. காரைக்கால் சம்பந்தம் உள்ள குடும்பங்கள் பாரீஸுக்குப் போவார்கள். டிஸ்னிலேண்டுக்கு ரயிலில் போனால் இறங்கவேண்டிய கடைசி ஸ்டேஷன் மார்ன்-லா-வாலே ஷெசி. பலகையில் டிஸ்னி என்று தேடிக்கொண்டிருக்காமல் இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் ஒய்ரோப்பா பார்க், அது இருக்கும் ஊர் ருஸ்ட். இரும்புத் துருவுக்கான ஆங்கிலச் சொல்லைப் போலப் படிக்கக்கூடாது. ஸ்வீடனில் 1923-இலிருந்து இருக்கும் லீசபெரி பார்க், ‘லிஸ்பெர்க்’ என்று எழுத்துக்கூட்டினால் தவறு, கடைசி எழுத்து அவர்கள் வாயில் ‘ய்’ போலக் கரைந்துவிடும். ஜப்பானில் ஃபுஜி-க்யூ ஹைலேண்ட் பார்க்கில் ஏஜனைக்கா என்ற கோஸ்டர். ஆங்கிலத்தில் இரண்டு ‘ஈ’ போட்டிருப்பதால் ‘ஈஜனைகா’ என்று படிக்கத் தோன்றும். ஜப்பானியர்களுக்கு அது நம் ஏ. குறில் நெடில் பிரித்துச் சொல்கிற நாக்கு நமக்கு இருக்கிறது, தைரியமாகச் சொல்லலாம்.

சரி, பட்டியலில் இல்லாத பெயர் வந்தால்? பார்க்கின் சொந்த விளம்பர வீடியோவைத் தேடிக் கேளுங்கள், அதில் பெயரைச் சொல்கிற குரல் நம்பகமானது. யூடியூபில் ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களும் நம்மைப்போல எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள்தான். போனில் மொழிபெயர்க்கும் ஆப் இருந்தால், மொழியை அரபி அல்லது ஜெர்மன் என்று மாற்றிவிட்டு ஸ்பீக்கர் பட்டனை அழுத்துங்கள். ஆங்கிலத்திலேயே வைத்து அழுத்தினால் அதுவும் தப்பாகத்தான் சொல்லும்.

நம் பேச்சு வாடையைப் பற்றி யாரும் கூச்சப்பட வேண்டாம். வடநாட்டுப் பயணி ஒருவர் ‘திருப்புல்லாணி’யைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் நம் ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார் இல்லையா? ஊர் வாடை இருக்கட்டும், பெயர் அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்தால் போதும்.

டிக்கெட் போடச் சொல்லும்போது வாய்மொழியாக மட்டும் சொல்லாதீர்கள். பார்க்கின் பெயர், ஊர், நாடு மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள். டிக்கெட் கைக்கு வந்ததும், கூடப் போகிற பெரியவர்களை அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதை அப்படியே வாய்ஸ் மெசேஜாக அங்கே இருக்கும் மகனுக்கோ மருமகனுக்கோ அனுப்புங்கள். கூட்டத்தில் கைவிட்டுப் போய்விட்டால், செக்யூரிட்டியிடம் அவர்கள் சொல்லப்போவது அந்தப் பெயரைத்தான். மகன் காதுக்குப் புரியவில்லையென்றால், கிளம்புவதற்கு முன் நாள் இருக்கும்போதே பழக்கிவிடலாம்.