ஆன்டெனா: அலைவாங்கியா, அலைவாயா?

கொங்கு நாட்டில் ஆன்டெனா என்ற சொல் பரவியது வீட்டுக் கூரைகளின் மேலிருந்துதான். பழனி, உடுமலை, தாராபுரம் பக்கத்து ஓட்டு வீடுகளில் இரும்புக் குழாயின் உச்சியில் அலுமினியக் குச்சிகளைக் கட்டி, கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்தார்கள். அந்த அமைப்பு, ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் 1926 வாக்கில் உருவாக்கியது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆன்டெனா என்றால் கம்பி. இன்று அது கைக்கடிகாரத்தின் விளிம்பிலும் காதொலிக் கருவிக்குள்ளும் இருக்கிறது. சட்டைத் துணியில் நூலாகவும் ஓடுகிறது. ‘கம்பி’ என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. தமிழ்ச் சொல்லையும் நாம் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இலத்தீனில் ‘ஆன்டென்னா’ என்பது கப்பலின் பாய்மரத்தில் பாயைத் தாங்கும் குறுக்குக் கழி. பூச்சிகளின் தலையில் நீண்டிருக்கும் உறுப்பை அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் ‘கொம்பு’ என்ற பொருளில் குறித்தார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பாய்க் கழி என்ற பொருளும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அவர் நூலை இலத்தீனில் மொழிபெயர்த்த கிரேக்க அறிஞர் தியோடர் காசா அந்த இரண்டாம் பொருளைப் பிடித்துக்கொண்டு ‘ஆன்டென்னா’ என்று எழுதிவிட்டார். பூச்சிக்கு அந்தப் பெயர் நிலைத்தது அப்படித்தான். தமிழில் அதை ‘உணர்கொம்பு’ என்கிறோம்; அரிஸ்டாட்டில் சொன்ன கொம்புக்கே நாம் நேராகப் போய்விட்டோம். வானொலிக்கு இச்சொல் வந்த வழி இத்தாலி. அங்கே நட்டுவைத்த கம்பத்துக்கும் இதே பெயர். மார்க்கோனி 1895இல் தொடங்கிய சோதனைகளில் உயரக் கம்பங்களில் கம்பியைத் தொங்கவிட்டார். கம்பத்தின் பெயர் கம்பிக்கு ஏறியது.

இனிப் பொருள். மின்கடத்திக்குள் கட்டுப்பட்டு ஓடும் மின்னோட்டத்தை வெட்டவெளியில் பரவும் மின்காந்த அலையாக மாற்றுவதும், வெளியிலிருந்து வரும் அலையை மின்னோட்டமாக மாற்றுவதும் ஆன்டெனாவின் வேலை. ஒரு வடிவம் அனுப்புவதில் எப்படி நடந்துகொள்கிறதோ, பெறுவதிலும் அப்படியே நடந்துகொள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தேர்வு செய்யும்போது இது தேவைப்படும்.

புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். இயல்பான ஆன்டெனாவுக்கு அதில் பாதி, அதாவது 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம் வேண்டும். கைக்கடிகாரத்தின் அகலமோ 4 சென்டிமீட்டர்தான். ஆகவே கடத்தியை வளைத்து வளைத்து மடிக்கிறார்கள், அல்லது தரைத்தகடு எனப்படும், அடியில் விரித்த கடத்தித் தகட்டின் மேல் கால் அலைநீளத்துக்குச் சுருக்குகிறார்கள். சுருக்குவதற்கு விலை உண்டு. அளவு குறையக் குறைய, ஆன்டெனா வேலை செய்யும் அதிர்வெண் பட்டை ஒடுங்கும். அதை அகலப்படுத்தப் போனால் திறன் குறையும். பொறியாளர்கள் வீலர் 1947இலும் சூ 1948இலும் வகுத்த இந்த எல்லையை எந்தப் புத்திசாலித்தனமான வடிவமும் தாண்டவில்லை.

அடுத்த சிக்கல் அணிபவரின் உடல். ஒரு பொருள் தனக்குள் அலையின் நீளத்தை எவ்வளவு சுருக்கும் என்பதைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி; இந்த அதிர்வெண்ணில் தசைக்கு அது ஏறத்தாழ 52. காற்றுக்கு அது 1. வேண்டிய அதிர்வெண்ணுக்கு மேசைமேல் சரியாக இசைவு செய்த ஆன்டெனாவை மணிக்கட்டில் கட்டினால் அதன் அதிர்வெண் கீழே இறங்கிவிடும். ஆற்றலில் ஒரு பகுதி தசைக்குள் வெப்பமாகக் கரையும். அதனால்தான் உடலுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே ஒரு கடத்தித் தகட்டை வைக்கிறார்கள். உடலைப் போன்ற பண்புள்ள கூழ்மாதிரியின் மேல் வைத்தே அளந்து பார்க்கிறார்கள்.

துணி ஆன்டெனாவில்தான் நம் ஊர்க்காரர்களுக்கு நேரடி வேலை இருக்கிறது. பருத்தி, காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. நீரின் மின்காப்பு மாறிலி 80ஐ ஒட்டியது என்பதால் பருத்தி வியர்வையில் நனைந்தாலே இசைவு நகர்ந்துவிடும். திருப்பூரின் பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும். நீளம் மாறினால் அதிர்வெண்ணும் மாறும். வெள்ளி பூசிய நைலான் நூலால் எம்பிராய்டரி போடும்போது, மின்னோட்டம் ஓடும் திசையில் தையல் போனால் தடை குறைவு, குறுக்கே போனால் அதிகம். நூலின் இழுவிசையையும் தையல் நெருக்கத்தையும் எம்பிராய்டரி இயந்திரம் ஓட்டுபவர் கையாலேயே அறிவார். மின்னணுப் பொறியாளருக்கு அந்த அறிவு கிடையாது. கோவையில் 1956இலிருந்து இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் நடத்துகிறது. உடல்நிலையைக் கண்காணிக்கும் ஆடைகள் இந்த மண்ணுக்கு அந்நியமான பொருள் அல்ல. பொறியாளரும் பின்னலாடைக்காரரும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமானால், இருவருக்கும் விளங்கும் ஒரு தமிழ்ச் சொல் அவசியம் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கில் உள்ள சொற்கள் எவை? அலைக்கம்பி, அலைக்கம்பம் என்று எழுதுகிறார்கள். துணியில் கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. ‘அலைவாங்கி’ நன்றாக ஊன்றிய சொல். ஆனால் ‘ஒலிவாங்கி’யைப் போல அதுவும் பெறுவதை மட்டுமே சொல்கிறது. கூரை மேல் இருந்த தொலைக்காட்சி ஆன்டெனாவுக்கு அது முழுக்கப் பொருந்தும், அது பெற மட்டுமே செய்தது. இதயத் துடிப்பை அலைபேசிக்கு அனுப்பும் மார்புப்பட்டையில் உள்ளதை ‘வாங்கி’ என்பது சரியில்லை.

நான் பரிந்துரைப்பது ‘அலைவாய்’. வாய் என்பது போகவும் வரவும் ஆன வழி. வாயில் என்ற சொல்லிலும் அந்தப் பொருளே இருக்கிறது. வடிவம் எதையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. அலைவாய் திருச்செந்தூரின் பழம்பெயர் அல்லவா என்று கேட்கலாம். அங்கே கடலலை, இங்கே மின்காந்த அலை. இடம் பார்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வராது. கூட்டுச்சொற்களும் எளிதில் அமைகின்றன: உடலில் அணிவது உடலணி அலைவாய், நூலால் ஆனது துணி அலைவாய், வளைத்து மடித்தது மடிப்பு அலைவாய். பெறுவதற்கு மட்டும் உள்ளதை அலைவாங்கி என்றே விட்டுவிடலாம். பூச்சிக்கு உணர்கொம்பு இருக்கவே இருக்கிறது.