பூக்காத புரோமிலியாடுக்குக் கார்பைடு கல் வேண்டாம்

"செடி நல்லாத்தான் இருக்கு சார், பூ மட்டும் வரமாட்டேங்குது." உச்சிப்புளி, மண்டபம் பக்கமிருந்து புரோமிலியாட் என்ற அலங்காரச் செடி வளர்ப்பவர்கள் நர்சரிக்கு வந்தால் பேச்சு இப்படித்தான் தொடங்கும். அடுத்த கேள்வி, என்ன உரம் போடலாம் என்பது. பல வீடுகளில் வினையே அந்த உரம்தான். தழைச்சத்து கூடினால் செடி இலையாக விட்டுக்கொண்டே போகும். கலப்பினம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. இரண்டு செடியும் ஒரே சமயத்தில் பூத்தால்தானே மகரந்தம் மாற்ற முடியும்?

அன்னாசியும் இந்தக் குடும்பம்தான். அதைப் பூக்கத் தூண்டுவது எத்திலீன் வாயு. 19ஆம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் குடில்களில் இருந்த அன்னாசிகள் புகை பட்டதும் ஒருசேரப் பூத்தன. புகையில் இருந்த எத்திலீனின் வேலை அது என்பது பிறகுதான் தெரிந்தது. வாழைத்தாருக்கு நாம் மூட்டம் போடுவதிலும் அதே வாயுதான். அன்னாசி தானாகப் பூக்க, குளிர்ந்த இரவும் குறுகிய பகலும் கைகொடுக்கும். நம் கடற்கரையில் மார்கழியிலேயே இரவு பெரிதாகக் குளிராது. இதே குடும்பத்துச் செடிகள் சில தயங்கினால் ஆச்சரியமில்லை.

சரி, என்ன செய்வது? முதலில் செடி முதிர்ந்திருக்க வேண்டும். இளஞ்செடியை வற்புறுத்தினால் பூக்காது, பூத்தாலும் சவலையாக இருக்கும். உரத்தை நிறுத்துங்கள். நடுக்குருத்தில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, எத்திலீன் விடும் நன்கு பழுத்த ஆப்பிள் ஒன்றைத் தொட்டியில் வைத்து, செடியோடு சேர்த்துப் பாலித்தீன் கவரால் மூடிக் கட்டி, ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். நிழலில்தான் வைக்க வேண்டும். நம்மூர் வெயிலில் கவருக்குள் செடி வெந்தே போகும். ரகத்தைப் பொறுத்து ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பூத்தண்டு தெரியும்.

இதற்குப் பொறுமையில்லாமல் சிலர் குருத்துக்குள் கார்பைடு கல்லைப் போடுகிறார்கள். பூக்கும், மறுக்கவில்லை. தண்ணீர் பட்டதும் அது விடும் அசிட்டிலீன், எத்திலீன் செய்யும் வேலையைச் செய்துவிடும். ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும் வாயு. மிஞ்சும் சுண்ணாம்பு குருத்தைச் சுட்டுவிடும். கடையில் கிடைக்கும் கல்லில் ஆர்செனிக், பாஸ்பின் கலப்பும் இருக்கலாம். பழம் பழுக்க வைக்க இதைப் பயன்படுத்த நாட்டில் தடை இருப்பது சும்மா இல்லை. கடல்காற்றின் ஈரத்தில், சரியாக மூடாத டப்பாவிலிருந்தே வாயு கசியும். பிள்ளைகள் புழங்கும் வீட்டில் இது எதற்கு?

நிறையச் செடி வைத்திருப்பவர்கள் எத்திலீனை வெளிவிடும் எத்தஃபான் மருந்தைப் பயன்படுத்தலாம், லேபிளில் உள்ளபடி, கையுறை போட்டு. இங்கே நம் தண்ணீர்தான் சிக்கல். எத்தஃபான் அமிலத்தன்மையில்தான் நிலைத்திருக்கும். காரத்தன்மை உள்ள போர் தண்ணீரில் கலந்து வைத்தால், செடிக்குப் போகும் முன்பே வாளியிலேயே எத்திலீனாகப் பறந்துவிடும். மழைத்தண்ணீரில், ஊற்றப்போகும் நேரத்தில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள். அன்னாசித் தோட்டத்து அளவை அலங்காரச் செடிகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு செடியில் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

ஒன்றே ஒன்று இருக்கும் அபூர்வ ரகத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். பூத்த செடி மறுபடி பூக்காது. பக்கக் கன்று விட்டுவிட்டு மெல்லக் காய்ந்துவிடும். கன்று ஒன்றைப் பிரித்து வேர்பிடிக்க வைத்த பிறகு தாயில் கை வையுங்கள்.

அப்புறம் மகரந்தம். பூக்கத் தாமதமாகும் ரகத்தை முதலில் மூடுங்கள், சீக்கிரம் பூப்பதைப் பின்னால். புரோமிலியாடில் ஒரு வகையான நியோரெகெலியாவின் பூ குருத்துத் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். காலையில் விரிந்தால் அன்றோடு சரி. முந்தின நாளே தண்ணீரைக் குறைத்து வைத்து, விடியலில் சிறு இடுக்கியால் இதழை விலக்கினால் ஆறு மகரந்தத் தாள்கள் தெரியும். அவை வெடிக்கும் முன் கிள்ளி எடுத்துவிட்டு, மற்ற செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, தேதியோடு சீட்டுக் கட்டுங்கள். பழம் கனிந்தால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பைக் கழுவிவிட்டு உடனே தூவ வேண்டும். எடுத்து வைத்தால் முளைப்பு சீக்கிரம் போய்விடும்.